தள்ளுபடிக் கடையில் யாரும் தொடாத மூலை

கேள்வி: ஐயா, நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். மாமியாரின் பழைய வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்திருக்கிறோம். தளம் போட்டு, சுவரில் பைப் எல்லாம் இறக்கியாகிவிட்டது. வயர் இன்னும் இழுக்கவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையை மூடப்போகிறார்கள். "மொத்த சரக்கும் காலி, 30 முதல் 60 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் போய் ஒரு சாண்ட்லியர், பன்னிரண்டு பேனல் லைட், மூன்று டிசைன் ஃபேன், இரண்டு ஜங்ஷன் பாக்ஸ், இரண்டு எமர்ஜென்சி லைட் வாங்கினோம். 18,000 ரூபாய் ஆனது. கையில் இன்னும் 15,000 இருக்கிறது. எலக்ட்ரீஷியன் கொடுத்த பட்டியலில் ஏதேதோ பெயர்கள். "அதெல்லாம் எப்பவும் கிடைக்கும், லைட்தான் போனால் வராது" என்கிறார் கொழுந்தனார். கடையின் பின்பக்க மூலையில் ட்ரிப்பர், டப்பா, சுவிட்ச் என்று பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. ஒருத்தரும் தொடவில்லை. யாரும் வாங்காத பொருள் என்றால் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? மீதிப் பணத்துக்கு என்ன வாங்கலாம்? கீழ் வீட்டு வயரிங் பழசு. கிரைண்டர் மட்டும் கொஞ்சம் இழுக்கும், மாமியார் பலகை போட்டு நின்றுதான் அரைப்பார். மற்றபடி பிரச்சினை இல்லை.
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

தள்ளுபடியைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "கிரைண்டர் மட்டும் கொஞ்சம் இழுக்கும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வடசென்னையில் வயரிங் வேலைக்குப் போன தெருக்களில் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கிரைண்டர் இழுக்கும், ஃபிரிட்ஜ் கதவு ஜிவ்வென்று இருக்கும், மழை நாளில் மோட்டார் பைப்பைத் தொடாதே. வீட்டுக்கு அப்படி ஒரு குணம் என்பது போலப் பழகிக்கொள்கிறோம். உங்கள் கிரைண்டரின் உள்ளே மோட்டார் காயிலின் மேல் இருக்கும் காப்பு தேய்ந்தோ, மாவுத் தண்ணீர் இறங்கியோ, கரண்ட் வெளி உலோகத்துக்குக் கசிகிறது. எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே மண்ணுக்குள் போயிருக்கும். உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. அதனால் கரண்ட் உங்கள் மாமியாரின் உடம்பு வழியாக இறங்கப் பார்க்கிறது. இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒரு காய்ந்த மரப்பலகை. பலகை நனைந்த அன்றைக்கு அதுவும் இல்லை.

இதைப் படித்த கையோடு சுவிட்சை அணைத்து, கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துச் சரி செய்யும் வரை மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இதில் தயவுசெய்து நாள் தள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாமியாருக்கு வேண்டிய பொருள் நீங்கள் சொல்லும் அந்த மூலையில்தான் கிடக்கிறது. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். உங்கள் எலக்ட்ரீஷியன் பட்டியலில் இந்த இரண்டில் ஒரு பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று அவரைக் கேளுங்கள். பேஸ் வழியாக வீட்டுக்குள் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று இந்தக் கருவி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் 30 மில்லியாம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றுக்கு மூன்று பங்கு, வேறு வழியில் கசிந்தால்கூடக் கண்மூடித் திறப்பதற்குள் இணைப்பை வெட்டிவிடும். நாம் ட்ரிப்பர் என்று சொல்லும் எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. அந்த 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் கவனிக்கும். மனித இதயத்தைக் குழப்ப அதில் மிகச் சிறிய பங்கு போதும். எம்.சி.பி. இருப்பது வயர் சூடாகி எரியாமல் பார்த்துக்கொள்ள. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தாலும் போதாது, அதற்கு லோடு அதிகமாவது தெரியாது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

காலடிப்பேட்டையில் ஒரு வீடு. ஆடித் தள்ளுபடியில் பதினான்கு விளக்கு வாங்கி மாட்டினார்கள், நான்தான் மாட்டினேன். ஆர்.சி.சி.பி. போடலாம் என்று சொன்னேன், "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். கூடக் குறைய 2,000 ரூபாய் விஷயம். நானும் வற்புறுத்தவில்லை. அந்த வருஷ மழையில் அந்த வீட்டுப் பெண் ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. தம்பி ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தது. அந்தப் பெண் நன்றாக இருக்கிறது, இப்போது வேலைக்குப் போகிறது. ஆனால் அன்றைக்கு நான் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை போகவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யாரும் தொடாத பொருளில் கோளாறு இருக்குமா என்று கேட்டீர்கள். துணிக்கடையிலோ காய்கறிக்கடையிலோ அந்தக் கணக்கு சரிதான். எலக்ட்ரிக்கல் கடையில் வேறு மாதிரி. குடும்பத்தோடு வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பொருளைத்தான் எடுப்பார்கள். முதல் இரண்டு நாளில் விளக்கும் சீரியல் செட்டும் போகும், அடுத்து ஃபேன், அயர்ன் பாக்ஸ், ஜங்ஷன் பாக்ஸ். சுவருக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் போகிற பொருளைக் கேட்க ஆள் இருக்காது, ஏனென்றால் வீட்டுக்காரர்களுக்கு அதன் பெயரே தெரியாது. மூடும் நாள் நெருங்கும்போது எங்கள் தொழில்காரர்கள் வருவார்கள். மூன்று வண்டி, நான்கு வண்டி என்று அந்த மூலையை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார்கள். நானும் அப்படி அள்ளியிருக்கிறேன். விளக்கின் மாடல் வருஷத்துக்கு வருஷம் மாறும், பழைய மாடலுக்கு விலை விழும், கடைக்காரர் அதைத் தள்ளித்தான் ஆக வேண்டும். எம்.சி.பி.யும், சுவிட்சுக்காகச் சுவருக்குள் பதிக்கும் மெட்டல் பாக்ஸும் மாடல் மாறாது. உறை பிரிக்காமல் ஈரம் படாமல் இருந்தால் இரண்டு வருஷம் கடையில் கிடந்ததும் நேற்று வந்ததும் ஒன்றுதான். அதனால் உண்மையான லாபம் அந்த மூலையில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை, அதுவும் நம் பக்கத்துக்காரர்களுக்கு. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, 2016 பொங்கலையொட்டி ஒரு கடையில் பன்னிரண்டு எம்.சி.பி.யும் இரண்டு ஆர்.சி.சி.பி.யும் பாதி விலைக்கு வாங்கினேன். அட்டைப்பெட்டி புதுசாக இருந்தது. வியாசர்பாடியில் ஒரு வீட்டில் பொருத்திவிட்டு டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒரு ஆர்.சி.சி.பி. அசையவே இல்லை. கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய சேறு காய்ந்து மாவு மாதிரி படிந்திருந்தது. தண்ணீரில் மூழ்கிய சரக்கைத் துடைத்து வேறு பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள். பதினான்கையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். ஒரு தடவை மூழ்கிய எம்.சி.பி.யை எவ்வளவு காயவைத்தாலும் நம்பக்கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் தொடுமுனையும் துருப்பிடித்தால், தேவைப்படுகிற நேரத்தில் அது வெட்டாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கம் எத்தனை கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும்.

எனவே அந்த மூலைக்குப் போகும்போது வெறுமனே பெட்டியைப் பார்க்காதீர்கள். பொருளை வெளியே எடுங்கள். திருகுகளின் தலையில் துரு இருக்கிறதா, வயர் நுழைகிற துளையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, அச்சடித்த எழுத்து ஊறிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டி நனைந்திருந்தால் அடிப்பக்கத்தில் தண்ணீர்க் கோடு தெரியும். பெட்டியில் உள்ள எண்ணும் பொருளின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தயாரித்த மாதமும் வருஷமும் பெட்டியில் இருந்தாக வேண்டும், அது சட்டம். நெம்புகோலை நாலைந்து தடவை மேலே கீழே தட்டிப் பாருங்கள், டக் டக்கென்று உறுதியாக விழ வேண்டும். ஆர்.சி.சி.பி.யை மட்டும் கரண்ட் கொடுத்துத்தான் சோதிக்க முடியும். டெஸ்ட் பட்டன் சப்ளை இல்லாமல் வேலை செய்யாது. கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை. அதற்கு மறுத்தால் அங்கே ஆர்.சி.சி.பி. வாங்காதீர்கள். எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு ஆர்.சி.சி.பி. மாடிக்கு ஒன்று, கீழ் வீட்டுக்கு ஒன்று. சிங்கிள் பேஸ் இணைப்பு என்றால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் 'டூ போல்' வகை போதும். அதன் மேல் 30 மில்லியாம்பியர் என்று இருக்க வேண்டும். 100, 300 என்றும் வரும். தள்ளுபடிக் கடைகளில் தேங்கிக் கிடப்பது பெரும்பாலும் இந்த வகைதான். அது தீ விபத்தைத் தடுக்க உதவும், மனிதருக்கு ஷாக் அடிப்பதைத் தடுக்காது. 40 ஆம்பியர் எடுத்தால் வீட்டுக்குத் தாராளம், முன்னால் வரும் மெயின் எம்.சி.பி. அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இன்வெர்ட்டர் வகை ஏ.சி.யோ வாஷிங் மெஷினோ வாங்கும் எண்ணம் இருந்தால் 'ஏ' டைப் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண 'ஏசி' டைப்பைவிட (இது ஆர்.சி.சி.பி. வகையின் பெயர், குளிர்சாதனம் அல்ல) இந்த எலக்ட்ரானிக் சாமான்களின் கசிவை அது நன்றாகக் கண்டுபிடிக்கும்.

எம்.சி.பி. வாங்கும்போது சாமானைப் பார்த்து ஆம்பியர் முடிவு செய்யாதீர்கள், வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1 ஸ்கொயர் வயருக்கு, அதாவது செம்பின் குறுக்களவு 1 சதுர மில்லிமீட்டர் என்றால், 6 ஆம்பியர், ஒன்றரை ஸ்கொயருக்கு 10, இரண்டரை ஸ்கொயருக்கு 16, ஏ.சி.க்கு இழுக்கும் 4 ஸ்கொயருக்கு 20 அல்லது 25. அடிக்கடி விழுகிறதே என்று 32 போட்டால், வயர் எரிந்த பிறகுதான் அது விழும். இந்த எம்.சி.பி.கள் எல்லாம் உட்காரும் டி.பி. டப்பாவை, எலக்ட்ரீஷியன் சொல்வதைவிட நான்கு வழி, அதாவது நான்கு எம்.சி.பி.க்கான இடம், அதிகமாக உள்ளதாக எடுங்கள். பின்னால் ஏ.சி., மோட்டார் என்று சேரும். பெரிய டப்பாக்கள்தான் இந்த மாதிரி விற்பனையில் கடைசிவரை கிடக்கும், பேரம் பேசினால் குறைப்பார்கள்.

வயர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயர் காயிலின் மேல் அச்சடித்த விலையில் பெரிய கழிவு கொடுப்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. எந்த மாதமானாலும், எந்தக் கடையானாலும் கொடுப்பார்கள். ஆகவே "வயருக்கு 40 சதவீதம் தள்ளுபடி" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமையே பாரிமுனையிலோ உங்கள் பக்கத்துக் கடையிலோ போன் போட்டு, அதே கம்பெனி, அதே அளவு 90 மீட்டர் காயில் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கும் தள்ளுபடிக் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் லாபம். எம்.சி.பி.க்கும் சுவிட்சுக்கும் இதே வழிதான்.

அந்த விலையைவிட மிகவும் குறைவாக, பாதிக்குப் பாதி என்று கொடுத்தால் நின்று யோசியுங்கள். காயிலின் விலையில் பெரும்பகுதி செம்பின் விலை. செம்பை யாராலும் பாதி விலைக்கு விற்க முடியாது. 1 ஸ்கொயர் வயர் 90 மீட்டரில் ஏறக்குறைய 800 கிராம் செம்பு இருக்க வேண்டும், இரண்டரை ஸ்கொயரில் 2 கிலோ, 4 ஸ்கொயரில் 3 கிலோவுக்கு மேல். கடையில் ஒரே ஒரு மீட்டர் வெட்டி வாங்கி, மேல் தோலை உரித்துவிட்டு, தெரிந்த நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். இரண்டரை ஸ்கொயர் என்றால் 22 கிராமை ஒட்டி வர வேண்டும், 1 ஸ்கொயர் என்றால் 9 கிராமை ஒட்டி. அரை கிராம், ஒரு கிராம் முன்பின் இருக்கலாம். 15 கிராம்தான் வருகிறது என்றால் அது இரண்டரை ஸ்கொயரே இல்லை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. மேலே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கும், முத்திரையோடு உரிம எண் ஒன்றும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும்.

உங்கள் 15,000 ரூபாயில் மாடி முழுவதற்கும் வயர் அடங்காது. பரவாயில்லை, வயரைச் சிறிது சிறிதாக வழக்கமான கடையிலேயே வாங்கலாம். ஆனால் எர்த்துக்குப் போடும் பச்சை வயர் நல்ல கம்பெனியில் பிரிக்காத காயிலாகக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். சிவப்பும் கறுப்பும் போய், பச்சை மட்டும் எல்லாத் தள்ளுபடியிலும் மிஞ்சிக் கிடக்கும். எர்த் வயரை மிச்சம் பிடிப்பது நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் கீழ் வீட்டில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். மாடியில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சை வயர் போகிறதா என்று பிளேட் போட்டு மூடுவதற்கு முன் நீங்களே நின்று பாருங்கள்.

சுவிட்ச் வாங்குவதானால் ஒரே கம்பெனி, ஒரே வரிசை. ஒரு கம்பெனி மாட்யூல், அதாவது தனித்தனி சுவிட்ச், சாக்கெட் துண்டு, இன்னொரு கம்பெனியின் வெளி பிளேட்டில் உட்காராது. மாட்யூல் நிறைய இருக்கும், பிளேட் இருக்காது. பிளேட் இருந்தால் அந்த அளவு மெட்டல் பாக்ஸ் இருக்காது. தள்ளுபடிச் சரக்கில் இதுதான் பெரிய தொல்லை. மூன்றும் உங்கள் எண்ணிக்கைக்குச் சேருமா என்று கடையிலேயே தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். சேர்ந்தால் ஐந்தாறு உபரியாகவும் வாங்கி வையுங்கள், அந்த வரிசை நின்றுபோனால் பிறகு கிடைக்காது. நமக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் சாதாரண இரும்புப் பாக்ஸ் சில வருஷத்திலேயே பொரிந்துவிடும். ஜிங்க் பூசியது அல்லது பிளாஸ்டிக் பாக்ஸ் எடுங்கள். உள்ளே பித்தளை முனையும் பித்தளைத் திருகும் இருக்கிற சாக்கெட்டைத் தேடுங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நான் மாற்றிய சாக்கெட்டுகளில் நிறைய, கரண்ட் அதிகம் போய்க் கெட்டவை அல்ல, திருகு துருப்பிடித்து வயர் தளர்ந்து சூடானவை.

இனி, ஏற்கெனவே வாங்கியவை. அந்தப் பன்னிரண்டு பேனல் லைட்டைப் பிரித்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஸ்பிரிங் கிளிப் இருந்தால் அது துளை வெட்டி உள்ளே பதிக்கும் வகை, ஃபால்ஸ் சீலிங் வேண்டும். நீங்கள் காங்கிரீட் தளத்தோடு விடப்போகிறீர்கள் என்றால் அது உட்காராது. கடை மூடுவதற்குள் தளத்தின் மேலேயே திருகும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். விளக்குக்காகவே ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தைக் குறைக்காதீர்கள், வெயில் காலத்தில் கஷ்டப்படுவீர்கள். மாற்றும்போது வெளிச்சத்தின் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். 3000, 4000, 6500 என்று பெட்டியில் போட்டிருக்கும், மிச்சம் மீதிச் சரக்கில் எல்லாம் கலந்து வரும்.

ஃபேன் பெட்டியில் மின்சிக்கனத்தைக் காட்டும் பி.இ.இ. நட்சத்திர லேபிள் இருக்கிறதா? 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். லேபிள் இல்லாவிட்டால் அதற்கு முன் செய்த சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வகை ஃபேன் 75 வாட் வரை இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு அரை யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். மூன்று ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 97 யூனிட்.  கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். முடிந்தால் மூன்றில் படுக்கையறை ஃபேன்கள் இரண்டையாவது மாற்றிக்கொள்ளுங்கள், ராத்திரி முழுக்க ஓடுவது அவைதான். காற்றின் அளவு நிமிஷத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். டிசைன் ஃபேன்கள் சிலவற்றில் இறக்கை அழகாக இருக்கும், காற்று வராது. பி.எல்.டி.சி. எடுத்தால் சுவர் ரெகுலேட்டர் வாங்க வேண்டாம், அதற்கு ரிமோட் உண்டு. சாதாரண ரெகுலேட்டரோடு இணைத்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கெட்டுப்போகும்.

சாண்ட்லியர் பிடித்து வாங்கியிருக்கிறீர்கள், இருக்கட்டும். அதன் எடையைத் தாங்கும் கொக்கி தளத்தில் விட்டிருக்கிறதா என்று மட்டும் கொத்தனாரைக் கேளுங்கள். ஃபேன் கொக்கியிலேயே மாட்டிவிட்டால் ஹாலில் ஃபேன் எங்கே போடுவீர்கள்? எமர்ஜென்சி லைட்டை உடனே சார்ஜ் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி சார்ஜ் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் செத்துவிடும், நிற்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள். இதே காரணத்துக்காக இன்வெர்ட்டர் பேட்டரியைத் தள்ளுபடியில் எடுக்க வேண்டாம். ஜங்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியர் வகையாக இருக்கும், அதாவது 1,380 வாட் வரைதான். போனும் டி.வி.யும் சரி, இண்டக்ஷன் அடுப்பும் கெட்டிலும் அதில் வேண்டவே வேண்டாம். சமையலறையில் போதுமான 16 ஆம்பியர் சாக்கெட் இப்போதே வைத்துவிட்டால் ஜங்ஷன் பாக்ஸுக்கு அங்கே வேலை இருக்காது.

கடை மூடிவிடுவார்களே, கெட்டால் யாரிடம் போவது என்ற கவலை இருக்கும். வாரண்டி கொடுப்பது கம்பெனி. தேதியும் மாடல் எண்ணும் போட்ட ஜி.எஸ்.டி. பில் இருந்தால் கம்பெனியிடம் நேராகக் கேட்கலாம். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறைகேடான வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது. மூடுகிற கடைக்காரருக்கும் நல்ல பெயரோடு போக வேண்டும் என்றுதான் இருக்கும். காலையில் கூட்டம் சேருவதற்கு முன் போய் நிதானமாகப் பேசுங்கள்.

கடைசியாக, இதை உங்கள் எலக்ட்ரீஷியனிடம் அப்படியே காட்டுங்கள். மாடிக்குத் தனி மீட்டர் வந்தாலும் சரி, ஒரே மீட்டர் என்றாலும் சரி, மாடி நியூட்ரலும் கீழ் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு எங்கேயும் ஒன்றாகச் சேரக்கூடாது. பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கும் இடங்களில் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்துக்கொள்வது சகஜம். அப்படிச் செய்தால் லைட்டைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும். "இது சரியில்லை, அடிக்கடி விழுகிறது" என்று அதைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிட்டுப் போன வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். டப்பாவுக்குள் கருவி இருக்கும், வேலை செய்யாது, வீட்டுக்காரர்களுக்குத் தெரியவும் தெரியாது. உங்கள் வீட்டில் விழுந்தால் எங்கே கசிகிறது, எங்கே நியூட்ரல் கலந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கருவியைக் கழற்ற விடாதீர்கள். கீழ் வீட்டில் பொருத்திய அன்று முதலில் விழுவதற்குக் காரணம் அந்தக் கிரைண்டராகத்தான் இருக்கும். மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துச் சரி செய்து, எர்த்தையும் இணைத்து, ஆர்.சி.சி.பி. விழாமல் நின்ற பிறகு மாமியார் மறுபடி அரைக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.